பூட்டிய பேக்கப்புக்கு எதைத் தேர்வது: யூஎஸ்பி டிஸ்க்கா, போர்க்கா, ரெஸ்டிக்கா, டூப்ளிசிட்டியா?

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் கடையும் ஒரு யூனிட், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, தருமபுரி டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. தொழில் மூன்றும் வேறு. அலுவலக மூலையில் ஓடும் லினக்ஸ் சர்வரைப் பற்றி மூன்று இடத்திலிருந்தும் வரும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: "தினமும் தானாகவே பேக்கப் எடுக்கணும். யார் கையில் கிடைத்தாலும் திறந்து படிக்க முடியக்கூடாது. எதைப் போடலாம்?"

இப்படிக் கேட்பவர்களில் பலர் போர்க், ரெஸ்டிக், டூப்ளிசிட்டி என்ற பேக்கப் மென்பொருள் பெயர்களில் தொடங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மறுமுனையிலிருந்து வந்தால் தேர்வு சுலபம். சர்வர் செத்துப்போன நாளில் யார், எங்கே உட்கார்ந்து, எந்தச் சாவியை வைத்து, எத்தனை மணி நேரத்தில் டேட்டாவை மீட்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி விருப்பங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

கணக்குப் போட வசதியாக ஒரு சர்வரை வைத்துக்கொள்வோம். மொத்த டேட்டா 300 ஜிபி. அதில் டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கோப்பாக எழுதி எடுத்த நகல்) மட்டும் 12 ஜிபி. மீதி வரைபடங்கள், ஸ்கேன் செய்த பில்கள், மெயில். இன்டர்நெட் இறக்கம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), ஏற்றம் 20 எம்பிபிஎஸ். கட்டளைகளின் பெயரை ஒலிப்படியே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

மீட்கும் நேரம். 300 ஜிபியை 100 எம்பிபிஎஸ் லைனில் இறக்க, லைன் முழு வேகத்தில் ஓடினாலே 6 மணி 40 நிமிடம் ஆகும். அதே டேட்டா மேசை மேல் யூஎஸ்பி 3 டிஸ்க்கில் இருந்து, நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 50 நிமிடம். மே முதல் ஜூலை வரை பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து எடைமேடையில் நிற்கும் நாளில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

முதல் ஏற்றம். 300 ஜிபியை 20 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒருமுறை என்றால் சனி மாலை தொடங்கி, பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஓரிரு நாளில் முடித்துவிடலாம். மாதாமாதம் என்றால் அந்த முறையே உங்களுக்கு ஒத்துவராது.

அழிக்கும் உரிமை. ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும்) ஆட்கள் சர்வரில் ரூட் (முழு நிர்வாக உரிமை) பிடித்தவுடன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். பேக்கப் எடுக்கும் சர்வரே பழைய பேக்கப்பை அழிக்கவும் முடிகிறது என்றால், உங்களிடம் இருப்பது பாதி பேக்கப்.

சாவி. குறியாக்கிய (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) பேக்கப்பின் சாவி தொலைந்தால் அதை யாராலும் திறக்க முடியாது, உங்களாலும்தான். சாவி எந்த வடிவில், எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு கருவிக்கும் மாறும்.

கரண்ட். கோடை மழையோடு இடி மின்னல் வரும் ஏப்ரல், மே மாலைகளில் யூபிஎஸ்ஸும் கைவிடும். பேக்கப் பாதியில் அறுந்தால் அடுத்த நாள் என்ன ஆகும்?

சட்டம். இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2022 ஆகஸ்ட்டில் திருத்திய கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினசரி அடிப்படையில் இருக்க வேண்டும். அதற்கு முன் "அவ்வப்போது" என்று இருந்தது. ஆகவே ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ விலை குறைவு என்று அங்கே மட்டும் வைப்பது சரிவராது; வெளிநாட்டுப் பிரதி கூடுதலாக இருக்கலாம். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிக் கணக்குகளுக்கு 8 நிதியாண்டு. "30 நாள் பேக்கப் போதும்" என்பவர்கள் வருடாந்திரப் பிரதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறியாக்கத்தின் வலிமையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. போர்க் 1 வரிசை, ரெஸ்டிக் இரண்டுமே ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையைப் பயன்படுத்துகின்றன. லக்ஸ் (லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் முறை) போட்ட யூஎஸ்பி டிஸ்க்கும் ஏஇஎஸ்தான். டூப்ளிசிட்டி ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருளை நம்புகிறது. உங்கள் பேக்கப் திருடுபோனால் அது அல்காரிதம் உடைந்ததால் இருக்காது. கடவுச்சொல் சர்வர் ரேக்கிலேயே ஒட்டியிருந்ததால் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| | லக்ஸ் டிஸ்க் + ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் கருவி) | போர்க், கிளை அலுவலகக் கணினிக்கு | ரெஸ்டிக், மும்பை எஸ்3க்கு (அமேசானின் கிளவுட் ஸ்டோரேஜ்) | டூப்ளிசிட்டி + ஜிபிஜி |
|---|---|---|---|---|
| 300 ஜிபி மீட்க | சுமார் 1 மணி | லைனைப் பொறுத்து. வண்டியில் டிஸ்க் கொண்டுவந்தால் அரைநாள் | 7 மணிக்கு மேல் | 7 மணிக்கு மேல், சங்கிலி நீண்டால் இன்னும் |
| தினசரி ஏற்றம் | இல்லை | மாறிய துண்டுகள் மட்டும் | மாறிய துண்டுகள் மட்டும் | மாறியவை. அவ்வப்போது முழுவதும் |
| சர்வரிலிருந்து அழிக்க முடியுமா | செருகியிருந்தால் முடியும் | தடுக்கலாம் | தடுக்கலாம் | ஸ்டோரேஜ் பக்கம்தான் தடுக்க வேண்டும் |
| சாவி | கடவுச்சொல் + டிஸ்க் ஹெடர் | கடவுச்சொல் + சாவிக்கோப்பு | கடவுச்சொல் | ஜிபிஜி தனிச்சாவி |
| மாதச் செலவு | இல்லை | கிளையின் கரண்ட், லைன் | சுமார் 7.5 டாலர் + ஜிஎஸ்டி | எஸ்3 என்றால் இரு மடங்குக்கு மேல் |
| மறைந்த செலவு | டிஸ்க்கை மாற்றும் ஆள் | இணைப்பு அமைக்கும் வேலை | வெளியே எடுக்கும் கட்டணம் | முழு பேக்கப்பின் நேரம், இடம் |

## லக்ஸ் டிஸ்க்கும் ஆர்சிங்க்கும்

விலை குறைவு, மீட்பு வேகம், எவருக்கும் புரியும். இரண்டு 2 டிபி டிஸ்க் வாங்கி, இரண்டையும் கிரிப்ட்செட்டப் கொண்டு லக்ஸ் முறையில் பூட்டி, எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்து, வாரம் ஒன்றாக மாற்றிச் செருகுவது. ஆர்சிங்க்கின் லிங்க்-டெஸ்ட் விருப்பத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முழு ஃபோல்டர் தெரியும். மாறாத கோப்புகள் இடத்தை அடைக்காது.

ஆனால் மாறிய கோப்பு முழுதாகப் புதிதாய் எழுதப்படும். 12 ஜிபி டம்ப் தினமும் மாறும் என்பதால் 30 நாளில் அது ஒன்றே 360 ஜிபி. கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுபவை). தொடர்ந்து எழுதும்போது வேகம் தரை தட்டும். 3.5 அங்குல டிஸ்க்கில் சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) என்று கேட்டு வாங்குவது நல்லது.

இந்த முறையில் அதிகம் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. டிஸ்க் கழன்றிருக்கிறது, ஆனால் அது மவுன்ட் ஆகும் (இணைந்து தெரியும்) ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. ஆர்சிங்க் அதைக் கண்டுகொள்ளாமல் அந்த வெறும் ஃபோல்டருக்குள் எழுதத் தொடங்கும். ரூட் பார்ட்டிஷன் (சர்வரின் சொந்த டிஸ்க்) நிரம்பும், காலையில் டேட்டாபேஸ் நின்றிருக்கும். இரண்டு தற்காப்பு போதும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே "மவுன்ட்பாயின்ட்" கட்டளையால் சோதித்து, மவுன்ட் இல்லையென்றால் வெளியேறிவிடுங்கள். டிஸ்க் இல்லாதபோது அந்த வெறும் ஃபோல்டருக்கு "சேட்ஆர் பிளஸ் ஐ" கொடுத்து வையுங்கள். ரூட் யூசரால்கூட அதில் எழுத முடியாது. எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் "நோஃபெயில்" சேர்க்க மறந்தால், டிஸ்க் இல்லாத நாளில் சர்வர் பூட் ஆகும்போதே நின்றுவிடும்.

பூட்டு எதைக் காக்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். டிஸ்க் திறந்து மவுன்ட் ஆகியிருக்கும் வரை, சர்வருக்குள் நுழைந்தவனுக்கு அது சாதாரண டிஸ்க்தான். தானாகத் திறக்க வேண்டும் என்று சாவிக்கோப்பைப் பூட்டாத சர்வரிலேயே வைத்திருந்தால், இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போகும் திருடனுக்குப் பூட்டும் சாவியும் ஒன்றாகக் கிடைக்கும். டிஸ்க் தனியாகப் பயணம் போகும்போதுதான் இந்தக் குறியாக்கத்துக்குப் பலன். ஓசூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் பையோடு போகிறதே, அந்த 90 கிலோமீட்டருக்கு.

லக்ஸ் ஹெடர் (டிஸ்க்கின் தொடக்கத்தில் சாவி விவரம் இருக்கும் பகுதி) கெட்டால் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. "லக்ஸ்ஹெடர்பேக்கப்" கட்டளையால் ஹெடரை எடுத்து வேறிடத்தில் வையுங்கள்; லக்ஸ்2ல் வழக்கமான அளவு 16 எம்பிதான்.

## போர்க்: இரண்டாவது இடம் உள்ளவர்களுக்கு

ஓசூரில் ஆலையும் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இன்னொரு அலுவலகமோ வீடோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மறுமுனையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, 4 டிபி டிஸ்க், டெபியன் லினக்ஸ். செலவு அவ்வளவே. டேட்டா மாநிலத்தை விட்டே வெளியே போவதில்லை, சட்டக் கேள்வியும் எழாது.

போர்க் கோப்பைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி சேமிக்காது. ஆகவே 12 ஜிபி டம்ப்பில் அன்று மாறிய பகுதி மட்டுமே லைனில் போகும். இந்தப் பலனைக் கெடுக்க ஒரு சுலபமான வழி உண்டு: டம்ப்பை ஜிசிப் செய்து (அமுக்கி) கொடுப்பது. நடுவில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின் உள்ள ஜிசிப் பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். தினமும் முழு டம்ப்பும் ஏறும். டம்ப்பை அமுக்காமல் கொடுங்கள், போர்க்கே அமுக்கிக்கொள்ளும். ரெஸ்டிக்குக்கும் இதே விதி.

ரெப்போ (பேக்கப் சேரும் கிடங்கு) தொடங்கும்போது "ரெப்போகீ" அல்லது "கீஃபைல்" என்று ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும். ரெப்போகீயில் சாவி மறுமுனையில், கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு இருக்கும். கீஃபைலில் சாவி உங்கள் சர்வரிலேயே இருக்கும். மறுமுனையை முழுதாகத் திருடினாலும் கடவுச்சொல்லை ஊகிக்க வழியில்லை. கேட்க நன்றாக இருக்கும். சர்வர் எரிந்தால் சாவியும் எரியும் என்பதுதான் மறுபக்கம். சிறு அலுவலகத்துக்கு நீளமான கடவுச்சொல்லோடு ரெப்போகீயே எங்கள் தேர்வு. எதை எடுத்தாலும் "போர்க் கீ எக்ஸ்போர்ட்" கட்டளையைப் "பேப்பர்" விருப்பத்தோடு ஓட்டி, வரும் எழுத்துகளை அச்சிட்டு, கடவுச்சொல் எழுதிய தாளோடு கவரில் போட்டுப் பணப்பெட்டியில் வையுங்கள்.

அழிப்பைத் தடுப்பது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) பக்கம் செய்ய வேண்டிய வேலை. தருமபுரிக் கணினியின் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில், ஓசூர் சர்வரின் சாவி வரிக்கு முன்னால் "கமாண்ட்" சேர்த்து, போர்க் சர்வ் மட்டுமே ஓடும்படி, "அப்பெண்ட்-ஒன்லி", "ரெஸ்ட்ரிக்ட்-டு-பாத்" இரண்டையும் கொடுங்கள். அதன்பின் ஓசூர் சர்வரால் சேர்க்க மட்டுமே முடியும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் தடுப்பு பயனற்றுப் போகும். அப்பெண்ட்-ஒன்லியில் அழிக்கும் கட்டளை வந்தால் போர்க் மறுப்பதில்லை. அழித்ததாகக் குறித்துக்கொண்டு, பழைய டேட்டாவைக் கீழே வைத்திருக்கும். பிறகு நீங்கள் தருமபுரியில் உட்கார்ந்து, முழு உரிமையோடு "ப்ரூன்" (பழையதைக் கழிப்பது), "காம்பாக்ட்" (இடத்தை விடுவிப்பது) ஓட்டும்போது அந்தக் குறிப்பு உண்மையாகிவிடும். ஆகவே காம்பாக்ட் ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் "போர்க் லிஸ்ட்" போட்டு, இருக்க வேண்டிய தேதிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். 1.2 பதிப்பிலிருந்து ப்ரூன் மட்டும் ஓட்டினால் இடம் திரும்பாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். "ப்ரூன் பண்ணியும் டிஸ்க் நிரம்புது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் காம்பாக்ட் ஓட்டாததுதான்.

மறைந்த செலவு இணைப்பில் இருக்கிறது. இப்போது பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து அழைக்கும் முகவரி) கிடைப்பதில்லை; பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ஓசூரிலிருந்து தருமபுரிக் கணினியை நேராக அழைக்க முடியாது. ஏதாவது ஒரு முனைக்கு நிலையான ஐபி வாங்குங்கள். அல்லது சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்ட் (இரு முனையையும் இணைக்கும் விபிஎன்) போடுங்கள். ஐபி இல்லாத முனையில் "பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ்" 25 நொடி என்று வைக்காவிட்டால் இணைப்பு தூங்கிவிடும், இரவு பேக்கப் தோற்கும்.

முதல் 300 ஜிபியை லைனில் அனுப்ப வேண்டியதே இல்லை. தருமபுரிக் கணினியை ஓசூருக்கு எடுத்துவந்து, லோக்கல் கேபிளில் முதல் பேக்கப்பை எடுத்து, திருப்பி அனுப்புங்கள். ரெப்போவின் முகவரி மாறியதால் போர்க் ஒருமுறை எச்சரித்துக் கேட்கும். தானியங்கி ஓட்டத்தில் கேட்க ஆளிருக்காது, அங்கேயே நின்றுவிடும். ஆகவே இடம் மாற்றியபின் முதல் முறை கையால் ஓட்டி "எஸ்" சொல்லுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும் பொறுமை இல்லாதவர்களுக்கு போர்க்மேட்டிக் இருக்கிறது. ஒரே யாமல் கோப்பில் எதை எடுக்க வேண்டும், எத்தனை நாள் வைக்க வேண்டும், எந்த போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை டம்ப் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். போர்க் 2 வரிசையின் ரெப்போ அமைப்பு 1 வரிசையோடு ஒத்துப்போகாது. இரு முனையிலும் 1.2 அல்லது 1.4 வரிசையை வையுங்கள்.

## ரெஸ்டிக்: இரண்டாவது இடம் இல்லாதவர்களுக்கு

ஒரே கட்டடம்தான், மறுமுனையில் கணினி வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் ரெஸ்டிக். கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு பைனரி. எஸ்3, எஸ்எஃப்டிபி, பேக்பிளேஸ், அஸ்யூர் என்று மறுமுனை எதுவானாலும் பேசும்; அங்கே எதையும் நிறுவ வேண்டாம். குறியாக்கத்தை அணைக்கும் விருப்பமே இதில் இல்லை. அவசரத்தில் யாராவது பூட்டாமல் எடுத்துவிட்டார்களோ என்ற பயம் வேண்டாம்.

ஏபிடி (உபுண்டு, டெபியனின் மென்பொருள் நிறுவி) வழியாக நிறுவும்போது பதிப்பைப் பாருங்கள். உபுண்டு 22.04ல் வருவது 0.12 வரிசை, அமுக்கும் வசதி வந்தது 2022ல், 0.14 பதிப்பில். பழையதில் தொடங்கினால் டம்ப் கோப்புகள் முழு அளவில் ஏறும், மாதாமாதம் காசு போகும். திட்டத்தின் தளத்திலிருந்து நேரடியாகப் புதிய பைனரியை எடுப்பதே சரி.

ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மும்பையில் சாதாரண எஸ்3 ஒரு ஜிபிக்கு மாதம் 0.025 டாலர், 300 ஜிபிக்கு 7.5 டாலர். பில் பயமுறுத்தாது. பயமுறுத்துவது வெளியே எடுக்கும் கட்டணம்: மாதம் 100 ஜிபி வரை இலவசம், அதற்குமேல் ஜிபிக்கு சுமார் 0.11 டாலர். முழு மீட்புக்கு ஏறத்தாழ 22 டாலர். வருடத்தில் ஒருமுறை என்றால் பரவாயில்லை. ஆனால் ரெஸ்டிக்கின் "ப்ரூன்" பாதி காலியான பொதிகளை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றும். "செக் ரீட்-டேட்டா" மொத்த ரெப்போவையும் படிக்கும். இவற்றை வாராவாரம் ஓட்டினால் சத்தமில்லாமல் காசு கரையும். ப்ரூன் மாதம் ஒருமுறை போதும். சோதனைக்கு "ரீட்-டேட்டா-சப்செட்" 1/12, அடுத்த மாதம் 2/12 என்று கொடுத்தால் மாதம் சுமார் 25 ஜிபிதான் இறங்கும், வருடத்தில் முழுவதும் சோதித்தாகிவிடும்.

விலை குறைகிறதே என்று கிளேசியர் (எஸ்3இன் மலிவான காப்பகம்) வகைக்கு மாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. வேண்டாம். ரெஸ்டிக் தன் கோப்புகளை உடனே படிக்க முடியும் என்று நம்பி வேலை செய்கிறது. ஆழ்ந்த காப்பகத்தில் தூங்கும் கோப்பை எழுப்பக் காத்திருக்க வேண்டும். குறைந்தது 90 நாள், 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் ப்ரூன் செய்ததற்கும் காசு கட்ட நேரும்.

அழிப்பைத் தடுக்க, சர்வருக்குக் கொடுக்கும் ஐஏஎம் சாவிக்கு (ஏடபிள்யூஎஸ் அணுகல் சாவி) "லாக்ஸ்" (ரெப்போ பயன்பாட்டில் உள்ளதைக் காட்டும் பூட்டுக்குறிகள்) ஃபோல்டருக்குள் மட்டும் டெலீட் உரிமை கொடுங்கள், வேறெங்கும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள கோப்பின்மேல் குப்பையை எழுதினாலும் பழைய பதிப்பு நிற்க, பக்கெட்டில் (எஸ்3 கிடங்கில்) வெர்ஷனிங்கை இயக்குங்கள். ப்ரூன் ஓட்டும் முழு உரிமைச் சாவி வேறொரு லேப்டாப்பில் இருக்கட்டும். அங்கே பழையதைக் கழிக்கும்போது "கீப்-டெய்லி 14" போன்ற எண்ணிக்கை விதிகளைவிட "கீப்-விதின்" (இத்தனை நாளுக்குள் எடுத்தவை எல்லாம் இருக்கட்டும்) வகை பாதுகாப்பானது. சர்வரைப் பிடித்தவன் எதிர்காலத் தேதி போட்ட வெற்று ஸ்னாப்ஷாட்களை (ஒவ்வொரு ஓட்டத்தின் பேக்கப் பதிவு) குவித்து வைத்தால், எண்ணிக்கை விதி அவற்றை வைத்துக்கொண்டு உங்கள் உண்மையான பேக்கப்பைக் கழித்துவிடும்.

கரண்ட் போனால் என்ன? நடுவில் அறுந்த பேக்கப் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து போலவே வேகமாக ஓடும். ஏறிய துண்டுகள் வீணாகாது. ஆனால் பழைய லாக் ஒன்று ரெப்போவில் நின்றுவிடும். பேக்கப்புக்கு அது தடையில்லை, ப்ரூனுக்குத் தடை. அதனால்தான் பேக்கப் தினமும் "வெற்றி" என்று மெயில் வரும், இடம் மட்டும் குறைந்துகொண்டே போகும். வேறெந்த ஓட்டமும் இல்லை என்று பார்த்துவிட்டு "ரெஸ்டிக் அன்லாக்" போடுங்கள். போர்க்கில் அதே கணினியின் செத்த லாக் பல நேரம் தானே கழன்றுவிடும், இல்லையென்றால் "பிரேக்-லாக்".

கடவுச்சொல் ஒன்றுக்குமேல் வைக்கலாம் என்பது ரெஸ்டிக்கில் பிடித்த அம்சம். "கீ ஆட்" போட்டு சர்வருக்கு ஒன்று, உரிமையாளரின் கவரில் ஒன்று. ஐடி ஆள் வேலையை விட்டுப்போனால் அவருக்குத் தெரிந்ததை நீக்கிவிடலாம். அவர் அதற்குமுன் ரெப்போவை நகலெடுத்திருந்தால் மட்டும் இது உதவாது.

## டூப்ளிசிட்டி: ஒரே ஒரு காரணத்துக்காக

இதன் பலம் ஜிபிஜி பொதுச்சாவி. சர்வரில் பொதுச்சாவி மட்டும் இருந்தால் பேக்கப்பைப் பூட்ட முடியும். திறக்கும் தனிச்சாவி உங்கள் பெட்டியில். சர்வரைப் பிடித்தவனால் பழைய பேக்கப்பைப் படிக்க முடியாது. நோயாளி விவரங்களை நீக்கிய பின்னும் பழைய பிரதிகளில் அவை இருக்கும் மருத்துவமனைக்கு இது உண்மையான பலன். போர்க்கிலும் ரெஸ்டிக்கிலும் சர்வரில் உள்ள கடவுச்சொல்லே படிக்கவும் போதும்.

அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. முழு பேக்கப் ஒன்று, அதன்மேல் மாற்றங்களின் சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பின் உள்ளவை போச்சு. ஆகவே மாதம் ஒரு முழு பேக்கப். நம் லைனில் 33 மணி நேரம், மாதாமாதம். புது முழு பேக்கப் முடியும் வரை பழையதை அழிக்க முடியாது, எனவே இடம் எப்போதும் இரு மடங்கு. சர்வரில் உள்ள டூப்ளிசிட்டியின் கேஷ் ஃபோல்டர் அழிந்தால், அதை மறுபடி கட்ட தனிச்சாவி தேவைப்படும். அதைத்தான் சர்வரில் வைக்கவில்லையே. 300 ஜிபிக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 20 ஜிபி நோயாளிப் பதிவுகளை மட்டும் தனியாகப் பிரித்து இதில் போடலாம்.

கிளவுட் கம்பெனியே தரும் ஸ்னாப்ஷாட்டை இங்கே தனி விருப்பமாக எடுக்கவில்லை. சாவி உங்களிடம் இருக்காது, கணக்கு முடங்கினால் சர்வரோடு அதுவும் முடங்கும். அப்டேட்டுக்கு முன் எடுத்து வைக்க நல்லது, அவ்வளவுதான்.

## யாருக்கு எது

ஒரு யூனிட், ஒரு கட்டடம், 300 ஜிபிக்குள்: ரெஸ்டிக் மும்பைக்கு, கூடவே மேசையில் ஒரு லக்ஸ் டிஸ்க். டிஸ்க் வேக மீட்புக்கு, எஸ்3 தீ, திருட்டு, ரான்சம்வேருக்கு.

இரண்டு ஊரில் இடம்: போர்க். டேட்டா 1 டிபியைத் தாண்டினால் தயக்கமே வேண்டாம். எஸ்3 பில் வளர்ந்துகொண்டே போகும், கிளை டிஸ்க் வளராது. பெரிய மீட்பு என்றால் கணினியையே காரில் போட்டு எடுத்துவரலாம்.

இன்டர்நெட் நம்ப முடியாத இடத்தில் உள்ள கிரானைட் குவாரி அலுவலகம், பண்ணை அலுவலகம்: இரண்டு லக்ஸ் டிஸ்க், ஒன்று எப்போதும் வெளியே. டேட்டாபேஸ் டம்ப்பை மட்டும் ரெஸ்டிக்கில் தினமும் ஏற்றுங்கள். அதில் மாறும் சில நூறு எம்பி மொபைல் ஹாட்ஸ்பாட்டில்கூட போய்விடும்.

கணினி தெரிந்த ஆளே இல்லாத அலுவலகத்துக்கு லக்ஸ் டிஸ்க்கை மட்டும் கொடுக்காதீர்கள். டிஸ்க்கை மாற்ற மறப்பார்கள், மறந்தது தெரியாது.

## எதைப் போட்டாலும் செய்ய வேண்டியவை

ஓடும் மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்காதீர்கள். நகலின் முதல் கோப்பும் கடைசிக் கோப்பும் வேறு வேறு நேரத்தைக் காட்டும், மீட்டால் எழும்பாது. இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான வகை) டேபிள்களுக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப்பை "சிங்கிள்-டிரான்ஸாக்ஷன்" விருப்பத்தோடு ஓட்டுங்கள். டம்ப்பைக் குழாய் வழியாக நேரே பேக்கப்புக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்டில் "பைப்ஃபெயில்" இல்லையென்றால், டம்ப் தோற்றும் பாதி கோப்பை எடுத்துவைத்துவிட்டு வெற்றி என்று சொல்லும்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்ட, கிரானை விட சிஸ்டம்டி டைமர் நல்லது. "பெர்சிஸ்டென்ட்" என்பதை "ட்ரூ" என்று வைத்தால், இரவு கரண்ட் போய்த் தவறிய ஓட்டம் சர்வர் எழுந்தவுடன் நடக்கும். கிரான் அந்த நாளை அப்படியே விட்டுவிடும். சர்வரின் நேர மண்டலத்தையும் பாருங்கள். யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும் சர்வரில் 01:30 என்று வைத்தால் நம் கடிகாரத்தில் காலை 7 மணி. ஆள் வந்து வேலை தொடங்கும் நேரத்தில் லைன் அடைபடும்.

தோல்வி மெயிலை மட்டும் நம்பாதீர்கள். செத்துப்போன சர்வர் மெயில் அனுப்பாது. வெற்றி பெற்றால் வெளியே ஒரு இடத்துக்குத் தட்டிச் சொல்லட்டும். 26 மணி நேரம் தட்டல் வரவில்லை என்றால் அங்கிருந்து உங்கள் போனுக்குத் தகவல் வரட்டும். ரெஸ்டிக் வெளியேறும் எண் 3 என்றால் பேக்கப் நடந்தது, ஆனால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாங்காய் சீசனுக்கு முன், ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மதியத்தை மீட்புச் சோதனைக்கு ஒதுக்குங்கள். சர்வரைத் தொடாமல் வேறொரு லேப்டாப்பை எடுங்கள். பணப்பெட்டியில் உள்ள கவரைப் பிரித்து, அந்தத் தாளில் இருப்பதை மட்டும் வைத்து, நேற்றைய டம்ப்பை மீட்டு, புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். நேற்றைய கடைசி பில் எண் என்ன என்று கணக்கரிடம் கேளுங்கள். திரையிலும் அதே எண் இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது என்பதை அதே தாளின் பின்புறம் தேதியோடு எழுதி, கவரை ஒட்டி, பெட்டியில் வையுங்கள்.